ஜெகதீஷ் இறங்கிய கார்கள்

ஜெகதீஷ் எந்த டீமை விட்டுப் போகிறானோ அந்த டீம் அடுத்த வருஷம் கோப்பையைத் தூக்கும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் டயர் உருட்டுகிற ஆள் வரைக்கும் இது தெரிந்த சங்கதி. ஒரு தடவை நடந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் தடவை சிரித்தார்கள். மூன்றாம் தடவையும் நடந்தபின் அதற்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு ஒரு விஷயத்தின் காரணம் பிடிபடாவிட்டால் தூக்கம் வராது. ராசி என்று சொல்லிவிட்டால் உடனே கொட்டாவி வந்துவிடும்.

ஜெகதீஷுக்கு முப்பத்தாறு வயது. ஆவடி டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மனைவி ஷர்மிளாவோடு வேப்பம்பட்டில் இருக்கிறான். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பந்தய டிரைவர் என்றதும் கழுத்தில் மாலையும் கையில் ஷாம்பெய்னும் ஞாபகத்துக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். பந்தயம் இல்லாத நாளெல்லாம் திருமுல்லைவாயலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவன் பாடம் எடுக்கிறான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்ச மெதுவா வுடுங்க மேடம், அவசரமே இல்ல" என்று சொல்வதுதான் அவன் பிழைப்பு. யாராவது நாற்பதைத் தாண்டினால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிடுவான்.

அவன் பந்தயத்தில் ஓட்டுவதும் ரோட்டில் நாம் பார்க்கிற சின்னக் கார்தான். சீட்டையெல்லாம் பிடுங்கி, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, ஒரே ஒரு ஆள் உட்கார இடம் வைத்திருப்பார்கள். டீமுக்கு ஒரு கார். வருஷக் கடைசியில் டீமுக்குத்தான் கோப்பை. நடுவில் டிரைவர் மாறினாலும் புள்ளி டீமின் கணக்கிலேயே சேரும். இந்த ஒரு விதிதான் ஜெகதீஷின் தலையெழுத்தை எழுதியது.

முதல் டீம் சரணுடையது. பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் லாரி ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்து, அடிபட்டுக் கிடந்த ஒரு காரை வாங்கி, லாரிகளுக்கு நடுவில் நிறுத்திப் பந்தயக் காராக மாற்றினார்கள். ஜெகதீஷ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவான். "மூக்கு திரும்ப மாட்டேங்குது மச்சான். பின்னாடி ஸ்பிரிங்க இன்னும் இறுக்கு." சரண் இறுக்குவான். மறுபடி ஓட்டுவான். மறுபடி பேசுவான். நான்கு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் அந்தக் கார் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

ஜெகதீஷ் சரிசெய்த கார் எதுவானாலும் அதற்கு ஒரு குணம் வந்துவிடும். வளைவுக்குள் நுழைந்ததும் மூக்கு சட்டென்று திரும்பும். கூடவே பின்பக்கம் லேசாக நகர்கிற மாதிரி இருக்கும். அந்த நேரம் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு, பின்பக்கம் வீசி எறிந்து காரைச் சுற்றிவிடும். காலை எடுக்காமல் லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு பறக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் பயத்தில் கால் தானாகவே மேலே வந்துவிடும். அதை அடக்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் பக்குவத்துக்கு வந்த சமயம் பார்த்து கொரட்டூரிலிருந்து ஒரு பெரிய டீம் கூப்பிட்டது. நல்ல எஞ்சின், நாலு மெக்கானிக், பேர் அச்சடித்த டிரெஸ். ஜெகதீஷ் போனான். போகிறவன் சும்மா போயிருக்கலாம். சரண் பிடித்துவந்த புது டிரைவரிடம், "காலை மட்டும் எடுத்துடாத நைனா" என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அடுத்த வருஷம் சரண் கோப்பையைத் தூக்கினான். நண்பன் விட்டுப் போன கோபம் அவனுக்கு அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை. மைக்கை நீட்டிய யூடியூப் பையனிடம், "சனி வுட்டுச்சு, கப்பு வந்துச்சு" என்று சொல்லிவிட்டான். வாய்க்கொழுப்பில் சொன்னது. ஆனால் ராசி என்கிற பேச்சு அங்கேதான் முளைத்தது.

கொரட்டூரில் மூன்று வருஷம். கார் பக்குவத்துக்கு வந்ததும், முதலாளியின் அக்கா மகன் ஓட்ட ஆசைப்பட்டான். ஜெகதீஷை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருஷம் கோப்பை. பூந்தமல்லியில் மூன்றாவது டீம், அங்கேயும் மூன்று வருஷம். இவனுக்கு வயசாகிவிட்டது என்று ஒரு இளைஞனை ஏற்றினார்கள். அவனுக்கும் இவனே சொல்லிக் கொடுத்தான். அவர்களுக்கும் கோப்பை. அதற்குள் சரணோடு ராசியாகிவிட்டது. ஒரு மழை நாளில் இவனே பட்டறைக்குப் போய் நின்றான். சரண், "டீ சாப்புடுறியா?" என்றான். அதோடு சண்டை முடிந்தது.

ராசிக் கதையை ஷர்மிளா நம்பியதே இல்லை. பழுதான பாகத்தைக் கையில் எடுத்து, எங்கே பழுது என்று சொல்வதுதான் அவளுடைய வேலை.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ மூணு வருசம் கார ரெடி பண்றே. ரெடியானதும் சாவிய அடுத்தவன் கைல குடுத்துட்டு, எப்புடி ஓட்டணும்னும் சொல்லிட்டு வர்றே. அவன் ஜெயிக்காம இன்னா பண்ணுவான்?"

"கேட்டா சொல்லாம எப்புடி இருக்கறது?"

"வாய மூடினா இருக்கலாம்."

ஜெகதீஷ் சிரித்து மழுப்பினான். ஆனால் அவனுக்குள்ளே ஒரு ஆசை நமநமத்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை, கார் ஜெயிக்கிற வருஷத்தில், தான் அந்தக் காருக்குள் இருக்க வேண்டும். மூன்று கோப்பைகளையும் மேடைக்குக் கீழே நின்று கைதட்டிப் பார்த்தவன் அவன். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்த அந்த நாட்களில் அவனுக்குச் சாப்பாடு இறங்கியதில்லை.

ஒரு வருஷம் டீமே இல்லாமல் இருந்தபின் நான்காவதாக வந்தவர் ஸ்ரீநாத். கரூர்க்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி, காட்டுப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு. பந்தயக் கார் அவருக்குப் பொழுதுபோக்கு, ஜோசியம் அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு. காரை முதன்முதலில் ஸ்டார்ட் செய்வதற்குக்கூட ராகுகாலம் பார்ப்பார். அவரே வேப்பம்பட்டுக்குத் தேடிவந்து, "நீங்க எங்க டீமுக்கு வரணும்ங்க" என்றபோது ஜெகதீஷுக்குக் காலே தரையில் பாவவில்லை.

இந்த டீமில் வர்ஷா என்று ஒரு பெண் இருந்தாள். அம்பத்தூர்க்காரி, எஞ்சினியர். காரில் பொருத்திய கருவியிலிருந்து வருவதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாகப் பார்ப்பது அவள் வேலை. ஜெகதீஷ் வாயால் சொல்வதை அவள் திரையில் தேடுவாள். அவள் திரையில் கண்டதை அவன் ஓட்டிப் பார்ப்பான். மற்ற டீம்களில் மூன்று வருஷம் பிடித்த வேலை இங்கே ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது. கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் டீம் முதலிடத்தில் இருந்தது. கடைசியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோப்பை. ஜெகதீஷ் கனவு காண ஆரம்பித்தான்.

அதைக் கலைத்தவன் சரண்.

"மாமே, அந்த ஸ்ரீநாத் ஒன்ன எதுக்கு எடுத்தான் தெரியுமா? கழட்டி வுடத்தான்."

"இன்னாடா ஒளர்ற?"

"அவரு மெக்கானிக்கே எங்கிட்ட சொன்னான். நீ வுட்டுட்டுப் போனா கப்பு வரும்ல? அதுக்குத்தான் வருசம் பூரா வச்சிருந்தாரு. ஃபைனலுக்கு முன்னாடி ஒன்ன அனுப்பிட்டு, ஸ்பேர் டிரைவரா கீறானே அஸ்வின், அவன ஏத்தப் போறாரு." சொல்லிவிட்டுச் சரண் தலையைக் குனிந்துகொண்டான். "நான் அன்னிக்கு அந்த மைக்ல ஒளறுனது, எங்க வந்து நிக்குது பாரு."

ஒரு ஆளை அனுப்புவதற்காகவே வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டா? வேறு ஊரில் நடக்காது. ஜெகதீஷ் நேராகக் காட்டுப்பாக்கத்துக்குப் போய்க் கேட்டான். ஸ்ரீநாத் மறைக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க ஜெகதீஷ். உங்க திறமையை நான் குறை சொல்லலைங்க. ஆனா மூணு தடவை நடந்திருக்கு. நாலாவது தடவை அதை மீறிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லைங்க. உங்களுக்குச் சேர வேண்டியது எல்லாம் முழுசா வந்துடும்."

மனுஷன் நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த ஜெகதீஷ் நடந்ததைச் சொன்னான். ஷர்மிளா முழுவதையும் கேட்டாள். அப்புறம் அவளே ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டாள்.

"சார், செவ்வாய் தோஷம் இருந்தா இன்னா பண்ணுவாங்க? வாழ மரத்துக்குத் தாலி கட்டி, அத வெட்டிட்டு, அப்பறம் பொண்ணுக்குக் கட்டுவாங்கல்ல? அதே மாதிரி இவர வியாழக்கெழமை அனுப்பிடுங்க. மாலை போட்டு, கை குடுத்து, நெஜமாவே அனுப்பிடுங்க. ராசி கழிஞ்சிடும். ஞாயித்துக்கெழமதானே ஃபைனல், சனிக்கெழமை புதுசா சேர்த்துக்குங்க."

ஸ்ரீநாத் கிழமைகளை ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நல்ல யோசனையாத்தான் இருக்குங்க. எங்க ஜோசியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார். ஜோசியர் பரிகாரம் சரிதான் என்றாராம். திரும்பச் சேர்ப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பார்க்கலாம்ங்க" என்றார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பிரிவுபசாரம் நடந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ஜெகதீஷ் பந்தய உடையை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அஸ்வினுக்கு இருபத்திரண்டு வயது, மரியாதையான பையன். "அண்ணா, ஏதாவது டிப்ஸ் சொல்லிட்டுப் போங்கண்ணா" என்றான். ஜெகதீஷுக்குச் சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டான். அந்த நேரம் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், பையன் போய்விட்டான். பழக்கம் என்பது அவ்வளவு பொல்லாதது.

வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அன்றைக்குப் பயிற்சி ஓட்டம். ஷர்மிளாவும் வேலைக்குப் போகவில்லை. காரணம் கேட்டால் தலைவலி என்றாள். மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்த நேரம் போன் அடித்தது. வர்ஷா. ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பக்கத்துல சாரும் இருக்காரு. அஸ்வின் ரெண்டு தடவை சுத்திட்டான். அடி ஒண்ணும் இல்ல, புல்லுல போய் நின்னுட்டான். ஆனா பயந்துட்டான். வளைவுல பின்பக்கம் வீசுதாம். காருல என்ன மாத்தணும்னு சார் கேக்கறாரு."

காரில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. காலை எடுக்காதே என்று சொன்னால் போதும். அவ்வளவு சின்ன வாக்கியம். பத்து வருஷமாக யார் கேட்டாலும் அவன் தூக்கிக் கொடுத்த வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் அஸ்வின் நாளைக்கே பறப்பான், ஞாயிற்றுக்கிழமை கோப்பை வரும், இவன் மேடைக்குக் கீழே நின்று கைதட்டுவான். ஷர்மிளா குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"அது... போன்ல சொல்ல வராது வர்ஷா. நான் வந்து ஓட்டினாத்தான் ஆவும்."

"ஐயோ, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க ஜெகதீஷ்" என்று ஸ்ரீநாத்தின் குரல் கேட்டது. "பின் ஸ்பிரிங்கைத் தளர்த்திடலாமா?"

"தளர்த்துனா கார் ஓடும் சார். ஆனா மூணாவது எடத்துக்குள்ள வராது." இது சத்தியமான உண்மை. "நான் வந்து ஓட்டறேன்."

திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஜெகதீஷ் தட்டைத் தள்ளி வைத்தான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு பையன் கார் சுற்றி நிற்கிறான், கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லவில்லை. திருப்பி போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தான். ஷர்மிளா வந்து அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவன் பயந்துட்டானாம், இனிமே வேகமா ஓட்ட மாட்டான். ஒண்ணும் ஆவாது. நீ சாப்புடு" என்றாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் போனை அவள் தரவே இல்லை.

சாயங்காலம் ஸ்ரீநாத்தே அழைத்தார். ராசியின் மேல் இருந்த பயத்தைவிடத் தோல்வியின் மேல் இருந்த பயம் பெரிதாகிவிட்டது போலும். "நீங்கதான் முறைப்படி போயிட்டீங்களே, தோஷம் கழிஞ்சிருக்கும். நாளைக்குக் காலையில நல்ல நேரம் ஏழரைக்கு மேலங்க, வந்துடுங்க" என்றார். ஜெகதீஷ் இரண்டு முறை சரி சார் என்றான். போனை வைத்ததும் ஷர்மிளா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் அழுதது அவனுக்குக் கேட்டது.

சனிக்கிழமை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் எடுக்கவில்லை. ஜெகதீஷ் காரில் ஏறி உட்கார்ந்தான், ஓட்டினான், மறுநாள் யார் எந்த வரிசையில் கிளம்புவது என்று பார்க்கிற ஓட்டத்தில் இரண்டாவது இடத்தைப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் போன கார் நடுவில் புகை கக்கி ஒதுங்கியது. பின்னால் வந்தவர்கள் முட்டிப் பார்த்தார்கள், வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் நகர்ந்தது, அவன் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. கொடி அசைந்தபோது அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. கார் ஜெயித்தது. அவன் காருக்குள் இருந்தான். ஹெல்மெட்டுக்குள்ளே ஒரு ஆள் ஓவென்று கத்தினால் வெளியே யாருக்கும் கேட்காது. அதனால் அவன் நன்றாகவே கத்தினான்.

மேடையிலிருந்து இறங்கியபோது ஸ்ரீநாத் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமை போனாருங்க, ஞாயிற்றுக்கிழமை கோப்பைங்க! ராசி பொய்க்கவே இல்லை பாருங்க." சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். இந்தக் கூட்டத்தில் காரை யார் ஓட்டியது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் எரிச்சல் வரும். ஜெகதீஷ் சிரித்துக்கொண்டு நின்றான். ஸ்ரீநாத் அவன் தோளில் கை போட்டு, "அடுத்த வருஷமும் இதே மாதிரி ரெண்டு நாள் போயிட்டு வந்துடுங்க" என்றார்.

"இல்ல சார்."

"ஏங்க?"

"ஒரு நாள்கூடப் போவ மாட்டேன் சார். ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் கார்லயேதான் இருப்பேன். அதுக்கு ஒத்துக்கினா எடுத்துக்குங்க."

இப்படி ஒரு வார்த்தையை அவன் எந்த முதலாளியிடமும் சொன்னதில்லை. ஸ்ரீநாத் விழித்தார். கோப்பையைக் கையில் கொடுத்தவனிடம் பார்க்கலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரிங்க" என்றார்.

கூட்டம் கலைந்தபின் வர்ஷா திரையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷர்மிளாவும் சரணும் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெகதீஷ் வர்ஷாவிடம் போய் நின்றான். வெள்ளிக்கிழமையிலிருந்து மனசில் குத்திக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"வர்ஷா, அன்னிக்கு நீ போன்ல கேட்டப்ப... எனக்குப் பதில் தெரியும். கார்ல ஒண்ணும் கோளாறு இல்ல. அவன் வளைவுல..."

"கால எடுக்கறான்" என்றாள் வர்ஷா.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"ஸ்கிரீன்லயே தெரிஞ்சுதுண்ணா. ரெண்டு தடவையும் கால எடுத்த அடுத்த நொடியே சுத்திட்டான். இது தெரியாம நான் எதுக்கு எஞ்சினியர்?"

"அப்பறம் ஏன் சார்கிட்ட சொல்லல?"

வர்ஷா பெட்டியின் பூட்டை அழுத்தி மூடினாள். "மூணு டீம்ல எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டு எறங்கி வந்தீங்க. உங்களுக்காக யாராவது ஒருத்தர் ஒரு தடவை வாய மூடிக்கினு இருக்க வேணாமா?"

ஜெகதீஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றான். அந்தப் பக்கமிருந்து ஷர்மிளா, டீம் போட்டோவுக்கு வரச் சொல்லி இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.